நீல நாற்காலிக்காரர்

ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்கிறார் அம்ராம் எல்ஹரார். விசேஷ வீட்டிலிருந்து திரும்பி வந்த நாற்காலியைத் துடைப்பதற்கு முன்னால், அதில் தன் நூற்றுப்பத்து கிலோவையும் இறக்கி, இடது பக்கம் ஒரு தரம், வலது பக்கம் ஒரு தரம் சாய்ந்து காது கொடுத்துக் கேட்பார். கால் முனகினால் அது சுவரோரம் போகும். முனகாவிட்டால் அடுக்கில் ஏறும். நாற்பது நாற்காலி வந்தால் நாற்பது தரம் உட்கார்ந்து நாற்பது தரம் எழ வேண்டும். கடைசிப் பத்தில் முனகுவது நாற்காலியா, தன் முழங்காலா என்று அவருக்கே தெரிவதில்லை.

“என்னைத் தாங்கிட்டா மாப்பிள்ளை வீட்டாரையும் தாங்கிடும்” என்பார். “முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினேன். உட்கார்றதுதான் என் தொழில். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது.”

இஸ்ரேலில் பெயெர்செபா நகரத்தில் அவர் குடியிருக்கும் நாலு மாடிக் கட்டடத்தில் அநேகமாக எல்லாக் கதவிலும் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். முதல் மாடியில் நர்ஸ் லூபாவின் கதவில் சக்கர நாற்காலி, ஊன்றுகோல். தரைத்தளத்தில் ரஹமீம் வீட்டில் குழந்தைத் தொட்டில். உச்சி மாடியில் மஸூத் புஸ்கிலாவிடம் நூறு பேருக்குக் கூஸ்கூஸ் என்கிற ரவைச் சோறு வேகவைக்கிற பெரிய பாத்திரங்கள். வேண்டியவர்கள் வந்து கேட்பார்கள். காரியம் முடிந்ததும் கொண்டுவந்து வைப்பார்கள். வாடகை கிடையாது. கெமாஹ் என்று அதற்குப் பெயர். இரண்டாம் மாடியில் அம்ராம் வீட்டுக் கதவில் ‘நாற்காலி’ என்று எழுதியிருக்கிறது. அதை எழுதி ஒட்டியது யாரென்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

“என்னைத் தர்மவான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நான் விசாரிக்காம வாங்கின முட்டாள்” என்று ஆரம்பித்து அந்தக் கதையைச் சொல்வார். மகனுக்குப் பதின்மூன்று வயது நிறைந்த விழாவுக்காக நூற்றுச் சொச்சம் நீல பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக்கொண்டு போய் இறங்கினால், விழா மண்டபத்தில் வெல்வெட் மெத்தை வைத்த இருநூறு நாற்காலி ஏற்கெனவே போட்டிருந்தது. மண்டபக்காரன் இவரையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தானாம். மனைவி சுலிகா, “இந்த வீட்டுல ஒண்ணு நாற்காலி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்றாள். நாற்காலிகள் கட்டடத்துக்கு அடியில், குண்டு விழுந்தால் பதுங்குகிற அறைக்குப் போயின. அந்த வாரமே யாரோ இரவல் கேட்டார்கள். இவருக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. அவ்வளவுதான்.

கேட்க வருகிறவர்களிடம் அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: “சிரிப்பா, அழுகையா?”

சிரிப்பு என்றால் நாற்காலி. அழுகை என்றால் நாற்காலியோடு குட்டை இருக்கைகளும் உண்டு. யூத முறைப்படி துக்கம் காக்கிறவர்கள் ஏழு நாள் தாழத்தான் உட்கார வேண்டும். அதற்காக அவரே சில நாற்காலிகளின் காலை அறுத்துத் தாழ்த்தினார். முதல் நாற்காலியில் ஒரு கால் குட்டையாகிவிட்டது. அதற்குச் சமமாக மற்ற மூன்றையும் அறுத்தார், இன்னொன்று குட்டையாகிவிட்டது. இப்படியே அறுத்து அறுத்து, கடைசியில் அது ஒரு சாண் உயரத்துக்கு வந்து நின்றது. “அதுல உட்கார்ந்தா எழுப்பறதுக்கு ரெண்டு பேர் வேணும். துக்கத்தையே மறந்துடுவாங்க” என்பார்.

நாற்காலியைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு உடனே கிளம்பிவிடுவார். எத்தனை பேர் கையைப் பிடித்து இழுத்தாலும் ஒரு நிமிஷம் உட்கார மாட்டார். ஒரு வாய் சாப்பிட மாட்டார். “கொடுத்தவன் எதிர்ல உட்கார்ந்திருந்தா வாங்கினவனுக்குத் தொண்டையில இறங்காது.” ஏதோ ரப்பியிடம் வேதம் படித்துவிட்டு வந்தவர் மாதிரிதான் இதைச் சொல்வார். படித்தது ரப்பியிடம் இல்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அதே பதுங்கறையில் கட்டடக் குழுவின் கூட்டம். குழுவுக்குத் தலைவர் மஸூத். மொராக்கோவிலிருந்து இருவரின் பெற்றோரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். இருவரும் ஒரே பள்ளி, ஒரே பட்டாளம், சனிக்கிழமை தொழுகையில் பக்கத்துப் பக்கத்து இடம். கூட்டத்தில் எல்லாரும் அம்ராமின் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, மஸூத் சொன்னார்: “அம்ராம், பாதி நாற்காலியையாவது எடுத்துடு. சைரன் ஊதினா ஜனங்க எங்க நிப்பாங்க?”

நியாயமான பேச்சு. நியாயம் என்று அம்ராமுக்கும் தெரிந்தது. அதனால்தான் கோபம் வந்தது. பத்துப் பேர் நடுவில் எழுந்து நின்று கேட்டார்: “எடுக்கச் சொல்றியா? உன் பொண்டாட்டி செத்தப்ப துக்கத்துக்கு வந்தவங்கள்லாம் எதுல உட்கார்ந்தாங்க?”

மஸூத்தின் மனைவி ஃப்ரேஹா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மஸூத் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிச் சத்தம் வராமல் சுவரோரம் வைத்துவிட்டு மாடியேறிப் போனார்.

மறுநாளே அம்ராம் பாதி நாற்காலிகளைத் தன் படுக்கையறைக்குக் கொண்டுபோனார். அவை அங்கேயே இருந்தன. சுலிகா அலமாரியைத் திறக்க வேண்டுமானால் ஓர் அடுக்கை நகர்த்த வேண்டும். நகர்த்தும்போதெல்லாம் புருஷனின் நாக்கைப் பற்றி நாலு வார்த்தை சொல்வாள். அதற்குப் பின் எத்தனையோ தரம் சைரன் ஊதியது. கட்டடம் மொத்தமும் இறங்கி வந்து நீல நாற்காலிகளில் உட்காரும். மஸூத் மட்டும் சுவரில் சாய்ந்து நிற்பார். அவருக்கு முதுகு வலி உண்டு. ஒரு தரம் நாற்பது நிமிஷம் நின்றார். எதிரே அம்ராம் உட்கார்ந்திருந்தார். எழுந்து நிற்கலாம், நின்றால் அதுவும் ஒரு சண்டை மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். “அன்னிக்கு நாற்காலி முனகலை. நான்தான் முனகினேன்” என்பார்.

ஒவ்வொரு வருஷமும் பாவமன்னிப்பு நோன்புக்கு முந்தின நாள், முறைப்படி உச்சி மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்டுவார்.

“மன்னிச்சிடு, மஸூத்.”

“மன்னிச்சாச்சு.”

கதவு சாத்திக்கொள்ளும். “இந்த உடம்பைத் தூக்கிட்டு மேல வரைக்கும் போறேன். ஒரு வார்த்தையோட அனுப்பிடறான். நான் பேசினதுக்கு அதுவே அதிகம்தான்” என்று சொல்லிக்கொண்டு இறங்கி வருவார்.

இந்தக் கோடையில் மஸூத்தின் மகள் ஒஸ்னத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் கட்டடத்தின் முன்வெளியில் மருதாணி விழா. எல்லா வீட்டுக்கும் அழைப்பு போயிற்று. அம்ராம் வீட்டில் மட்டும் கதவுக்கு அடியில் தள்ளியிருந்தது. உறையில் ‘எல்ஹரார் குடும்பத்துக்கு’ என்று எழுதியிருந்தது.

“குடும்பம்னா நான்” என்றாள் சுலிகா. “நீ என்ன பண்ணப்போறே?”

“எனக்கு முழங்கால் வலி.”

“விழா அடுத்த வாரம்தானே?”

“அடுத்த வாரம்தான் வலிக்கும்.”

கட்டடத்திலேயே நூறு நாற்காலி சும்மா கிடக்க, மஸூத் அடுத்த ஊரிலிருந்து வாடகைக்குச் சொல்லியிருந்தார் என்பது கட்டடம் முழுக்கத் தெரியும். விழா அன்று மதியம் இரண்டு மணிக்கு லாரி வர வேண்டும். வரவில்லை. மூன்றும் ஆயிற்று. நாலு மணிக்கு லூபா படியிறங்கி வந்தபோது அம்ராம் பதுங்கறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இடது பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார்.

“லாரி வழியில நின்னுடுச்சாம். நாளைக்குத்தான் வருமாம்” என்றாள் லூபா. ரஷ்யாவிலிருந்து வந்து இருபத்தைந்து வருஷமாகியும் அவள் பேச்சில் எப்போதும் ஊசி போடுகிற அவசரம் உண்டு. “ஆறரைக்குத் தொண்ணூறு பேர் வராங்க. அந்த ஆள் முற்றத்துல தனியா நிக்கறார். நாற்காலியை அனுப்புங்க.”

“நான் அனுப்பினா அது நாற்காலி இல்லை லூபா, பதில். அன்னிக்குக் கேட்டேன் பாரு, எதுல உட்கார்ந்தாங்கன்னு. அதையே இன்னொரு தரம் கேக்கற மாதிரி. அவன் தூக்கி வெளியே எறிவான். எறியணும்.”

“அப்ப பொண்ணு வீட்டுக்கு வர்றவங்க தரையில உட்காரட்டுமா?”

அம்ராம் வலது பக்கம் சாய்ந்தார். லூபா எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ரெண்டு வருஷம் முன்னாடி உங்க பேரனுக்குச் சுன்னத் விருந்து. நான் பெரிய பாத்திரம் ரெண்டு கொண்டுவந்தேனே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. ஹைஃபாவுல உன் சித்தி மகளுதுன்னு சொன்னே.”

“என் சித்தி மக தனியா ஒரு கிளியோட இருக்கறவ. நூறு பேருக்குக் கூஸ்கூஸ் வேகவைக்கற பாத்திரம் அவளுக்கு எதுக்கு?”

அம்ராமின் உடம்பு நாற்காலியில் ஒரு தரம் அசைந்தது.

“மஸூத்தா?”

“சொல்லக்கூடாதுன்னு சொன்னார். ‘அவன் கேக்கமாட்டான். நானா கொடுத்தாலும் அவனுக்கு இறங்காது. நீ உன்னுதுன்னு சொல்லிக் கொடு’ன்னார். நானும் ரெண்டு வருஷமா வாயை மூடிட்டுத்தான் இருந்தேன். இந்தக் கட்டடத்துல அது ஒண்ணும் முடியாத காரியமில்லை.”

கடைசி வார்த்தை யாருக்கென்று அம்ராமுக்குப் புரிந்தது. அந்த விருந்தில் அவர் மூன்று தட்டு சாப்பிட்டிருந்தார். பாத்திரத்தைத் தானே கழுவியும் கொடுத்தார். விளிம்பில் ஒரு நசுங்கல் இருந்தது. பட்டாளத்திலிருந்து திரும்பிய வருஷம் அவரே மஸூத் வீட்டுப் படியில் போட்டு நசுக்கியது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘எல்லாப் பாத்திரமும் இங்கேதான் நசுங்கும் போல’ என்று நினைத்துக்கொண்டார். “அப்பவாவது தெரிஞ்சிருக்கணும். என் மண்டைக்குள்ள கூஸ்கூஸ்தான் இருந்திருக்கு” என்று பிற்பாடு சொல்வார்.

லூபா எழுந்தாள். “எனக்குப் பன்னிரண்டு நாற்காலி கொடுங்க.”

பழக்க தோஷம், வாயிலிருந்து வந்துவிட்டது: “சிரிப்பா, அழுகையா?”

“என் பிறந்தநாள்.”

“உன் பிறந்தநாள் ஜனவரியில ஆச்சே? கேக்கைக் கருக்கினியே?”

“ஆகஸ்ட்டுக்கு மாத்திட்டேன்.”

செய்தி மாடிப்படியில் ஏறி இறங்கியது. கால் மணி நேரத்தில் தரைத்தளத்து ரஹமீம் வந்து நின்றார்.

“இருபது வேணும். என் மாமனார் வரார்.”

“உன் மாமனார் செத்து அஞ்சு வருஷமாச்சேடா!”

“அதான். பார்த்து ரொம்ப நாளாச்சு.”

இன்னொருவர் வீட்டில் திடீரென்று இரட்டைக் குழந்தை பிறந்தது. இன்னொருவருக்கு நாற்காலி எதற்கென்றே சொல்லத் தெரியவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அம்ராம் அவருக்கும் பதினைந்து கொடுத்தார். அப்போதுதான் சுலிகா ஒரு நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினாள்.

“இதை என்ன பண்ணப்போறே?”

ஒவ்வொரு நாற்காலியின் அடியிலும் வெள்ளைப் பெயின்டில் உள்ளங்கை அகலத்துக்கு ‘எல்ஹரார்’ என்று எழுதியிருந்தது. ஒரு தொழுகைக்கூடத்துக்குப் போன பதினோரு நாற்காலிகள், அங்கேயே பிறந்து வளர்ந்தவை என்று சாதிக்கப்பட்டபின் அவர் எழுதியது. “தர்மம் பண்றவன் பேர் எழுதக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா பதினொண்ணு போயிடுச்சே!” என்று அதற்குச் சமாதானம் சொல்வார்.

லூபா தன் வீட்டிலிருந்து காயத்துக்கு ஒட்டுகிற பழுப்புப் பிளாஸ்திரிச் சுருள்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். அம்ராம் கிழித்துக் கொடுக்க, சுலிகா ஒட்டினாள். நாற்பதாவது நாற்காலியில் அவள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இவ்வளவு பிளாஸ்திரி வேண்டியதே இல்லை. ஒன்பது வருஷம் முன்னாடி ஒரு துண்டை உன் வாயில ஒட்டியிருந்தா போதும்.”

“சரியாச் சொன்னே. பெரிய துண்டா வேணும்.”

படுக்கையறையிலிருந்து கடைசி அடுக்கு போனதும் சுலிகா அலமாரிப் பக்கம் போய் நின்று, “அட, இங்க ஒரு சுவர் இருக்கு!” என்றாள். பிறகு நல்ல உடை மாற்றிக்கொண்டு விழாவுக்குப் போனாள். அம்ராம் பதுங்கறைக்கே திரும்பினார். மிச்சம் பதினைந்து நாற்காலி. முழங்கால் நிஜமாகவே வலிக்க ஆரம்பித்திருந்தது.

அறையின் உச்சியில் இரும்புக் கதவு போட்ட ஒரு சின்ன ஜன்னல். வெளியே அது முற்றத்துத் தரையோடு தரையாக இருக்கும். ஒரு நாற்காலிமேல் ஏறினால், நடக்கிறவர்களின் காலும் நாற்காலிகளின் காலும் தெரியும். நூற்றுப்பத்து கிலோவையும் நம்பி ஒப்படைத்து அம்ராம் ஏறினார். நீலக் கால்கள் வந்து வந்து இறங்கின. நடுவே பளபளவென்று மினுக்கிய கறுப்புச் செருப்பு இரண்டு. மஸூத்.

“இது என்ன, லூபா?” மஸூத்தின் குரல்.

“எனக்குப் பிறந்தநாள். இங்கேயே கொண்டாடலாம்னு போட்டிருக்கேன். உங்க ஆளுங்க உட்கார்ந்தா எனக்கு ஆட்சேபணை இல்லை.”

“வாழ்த்துக்கள்.” கறுப்புச் செருப்பு திரும்பியது. “உனக்கு என்ன, ரஹமீம்?”

“மாமனார் வரார். இருபது பேரோட.”

“நல்ல மனுஷன். அவரைப் புதைக்கறப்ப நானும்தான் மண் போட்டேன்.”

கறுப்புச் செருப்பு ஒரு நாற்காலியின் பக்கத்தில் வந்து நின்றது. நாற்காலி மெல்ல முன்பக்கம் சாய்ந்தது. அடிப்பாகம் ஜன்னலுக்கு நேராகத் திரும்ப, பழுப்புப் பிளாஸ்திரி அம்ராமின் முகத்துக்கு எதிரே வந்து நின்றது. மஸூத்தின் கட்டை விரல் பிளாஸ்திரியின் ஓரத்தைத் தேடிப் பிடித்து நெம்பியது. வெள்ளைப் பெயின்டில் ஓர் எழுத்து தெரிந்தது.

இனி வாசல் வழியாக நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் தெருவுக்குப் பறக்கும். பறக்கட்டும். பொறுக்கி வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

அந்தக் கட்டை விரல் பிளாஸ்திரியைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்தது. ஒரு தரம், இரண்டு தரம், அழுத்தித் தேய்த்தது. நாற்காலி நேரானது.

“ரெண்டு ரெண்டா போடாதீங்க. வட்டமா போடுங்க” என்றார் மஸூத். செருப்பு நகர்ந்துபோனது.

ஆறரைக்கு ஜனங்கள் வந்தார்கள். ஜரிகை வைத்த அங்கிகளின் விளிம்புகள் ஜன்னலைக் கடந்தன. பெண்கள் குலவையிட்டார்கள். வறுத்த பாதாமும் ரோஜாத் தண்ணீரும் மணத்தன. அம்ராம் கீழே இறங்கி, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், மிச்சமிருந்த பதினைந்தையும் மறுபடி துடைத்தார். வெளிச்சம் இன்னும் மங்கவில்லை. படியில் காலடி கேட்டது.

மஸூத் வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை, தலையில் சிவப்புக் குல்லாய், கையில் மருதாணிக் கிண்ணம். தாய் செய்ய வேண்டிய சடங்கு. தாய் இல்லாததால் தகப்பனே கிண்ணத்தைச் சுமந்துகொண்டு எல்லாருக்கும் வைத்துக்கொண்டிருந்தார். விரல்களெல்லாம் செங்காவியாக இருந்தன.

“ஆறு நாற்காலி குறையுது” என்றார்.

ஒன்பது வருஷமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் அம்ராமுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தன. பேசினால் கெட்டுப்போகும் என்று அவருக்குத் தன்னைப் பற்றித் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டார். கடைசியில் வெளியே வந்தது இதுதான்:

“பதினஞ்சு இருக்கு.”

“ஆறுதான் கேட்டேன்.”

“எத்தனை பேர் நிக்கறாங்க?”

“அஞ்சு பேர்.”

“அப்புறம் எதுக்குடா ஆறு?”

மஸூத் கிண்ணத்துக்குள் இரண்டு விரலை விட்டுக் குழைத்தார்.

“கையை நீட்டு.”

அம்ராம் தன் கைகளைப் பார்த்தார். ஒன்றில் ஈரத் துணி. அதைக் கீழே போட்டார். வலது கையைச் சட்டையில் துடைத்தார். போதவில்லை என்று மறுபடி துடைத்தார். பிறகு நீட்டினார். எல்லா விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூடியிருந்தன. மஸூத் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, உள்ளங்கை நடுவில் ஒரு கட்டி மருதாணியை வைத்துத் தட்டையாக அழுத்தினார். அது ஜில்லென்று இருந்தது.

கிண்ணத்தை ஓர் அடுக்கின்மேல் வைத்துவிட்டு, இந்தக் கையில் மூன்று, அந்தக் கையில் மூன்று என்று நாற்காலிகளைக் கோத்துத் தூக்கினார் மஸூத். முதுகு வலிக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டுதான் தூக்கினார். உதவப் போன அம்ராமின் விரல்கள் தாமாகவே மடங்கின.

“மூடாதேடா” என்றார் மஸூத், படியில் ஏறிக்கொண்டே. “காயட்டும். அப்படியே மேல வா.”

நாற்காலிகள் படிச்சுவரில் இடித்து இடித்து மேலே போயின. அம்ராம் உள்ளங்கையை விரித்து, யாரிடமோ எதையோ வாங்கிக்கொள்ளப் போகிறவர் மாதிரி முன்னால் நீட்டியபடி, கிண்ணத்தை இடது கையில் எடுத்துக்கொண்டு, முதல் படியில் கால் வைத்தார்.